வயிற்று நோய்களின் காரணங்கள்: கிருமி, குடிநீர்க் குழாய், சாதி

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் வயிற்றுவலி என்று வந்து நிற்பவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்பதே. மருத்துவத்தின் கண்ணோட்டத்தில் அது சரியான கேள்விதான். ஆயினும் அது நோயின் தொடக்கத்தை நோயாளியின் வாயில் வைத்துவிடுகிறது. எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள், அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, அத்தொட்டியைக் கழுவும் பொறுப்பு யாருடையது, உங்கள் தெருவில் குழாயும் சாக்கடையும் எவ்வளவு தொலைவில் ஓடுகின்றன என்ற கேள்விகளுக்குப் புறநோயாளிச் சீட்டில் இடமில்லை. அந்த இரண்டாம் வரிசைக் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டு, நம் மக்களிடையே பரவலாகக் காணப்படும் செரிமான மண்டல நோய்களின் காரணங்களை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். களத்தில் இயங்கும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கையில் வைத்துக்கொள்ளத்தக்க குறிப்பாக இது அமைய வேண்டும் என்பது நம் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘காரணம்’ வேறு, ‘இடர்க்காரணி’ வேறு. டைபாய்டுக்குக் காரணம் சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா. அது இல்லாமல் டைபாய்டு இல்லை. பாதுகாப்பற்ற குடிநீர், கழிவறை இன்மை, நெருக்கமான வீடு ஆகியவை இடர்க்காரணிகள். அவை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சட்டம் பயின்றவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. உடனடிக் காரணத்தை மட்டும் காட்டிப் பொறுப்பிலிருந்து நழுவ முயலும் எதிர்த்தரப்பை நாம் நீதிமன்றங்களில் நாள்தோறும் காண்கிறோம். “கிருமிதான் காரணம், நிர்வாகம் அன்று” என்பது அத்தகைய வாதங்களுள் ஒன்று.

தண்ணீர் வழியாக வருபவை

வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையின் ஏ, ஈ வகைகள் ஆகிய அனைத்திற்கும் ஒரே பாதைதான். ஒரு மனிதரின் மலத்திலிருந்து வெளியேறும் கிருமி இன்னொரு மனிதரின் வாயை அடைகிறது. நடுவில் இருப்பவை தண்ணீர், கை, ஈ, உணவு, மண். இந்த ஐந்தில் எந்த இடத்தில் தடுத்தாலும் நோய் நிற்கும். 1854இல் லண்டன் பிராட் தெருவின் கைப்பம்பு ஒன்றைச் சுற்றிக் காலரா மரணங்கள் குவிந்திருப்பதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டறிந்து, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். காலராக் கிருமியை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது இது. கிருமியின் பெயர் தெரியாமலே நோயின் பாதையை அடைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இந்தியாவில் இத்தகைய பேரிடர்களில் ஒன்று தலைநகரிலேயே நிகழ்ந்தது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் யமுனையில் கலந்த சாக்கடை நீர் டெல்லியின் குடிநீரில் புகுந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெப்பாடைட்டிஸ் ஈ வகை என்பது பின்னாளில் தெரியவந்தது. இந்த வகை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிரைப் பறிக்கக்கூடியது. குடியிருப்பு ஒன்றில் காமாலை பரவுகிறது என்றால் முதலில் தேடிச் செல்ல வேண்டியது அங்குள்ள கர்ப்பிணிகளை.

குழாய் பெரும்பாலும் எங்கே கெடுகிறது? நீர் தொடர்ந்து ஓடும் குழாயில் உள்ளழுத்தம் இருப்பதால் வெளியிலுள்ள அழுக்கு எளிதில் உள்ளே நுழையாது. நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு நாளுக்கு ஒருமுறையோ நீர் விடப்படும் குழாயில், நீர் நின்றவுடன் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உறிஞ்சப்படுகிறது. குழாயின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கே நீர் குறைவாகவும் கடைசியாகவும் வருகிறது. நம் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டி ஊரில் இருக்கும். குழாயின் கடைக்கோடி சேரியில் இருக்கும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்ததை நாம் வரவேற்கிறோம். சொல் நீங்கிய இடத்திற்குக் குழாயும் சரியாக வந்து சேர வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2022 டிசம்பரில் அங்குள்ள தலித் குடியிருப்பின் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. மருத்துவமனையில் தண்ணீரின் மீது ஐயம் எழுப்பப்பட்டது. டிசம்பர் 26 அன்று, அக்குடியிருப்புக்கெனக் கட்டப்பட்ட மேல்நிலைத் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தவர்கள் அதில் மனித மலம் கலந்திருந்ததைக் கண்டனர். விசாரணை குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, ஈராண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் உள்ளிட்ட கட்சிகளும் அதை ஏற்க மறுத்து வேறு அமைப்பின் விசாரணையைக் கோரின. குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால், வன்கொடுமை வழக்குகளுக்கான நீதிமன்றத்திலிருந்தும் வழக்கு மாற்றப்பட்டது. யார் செய்தார்கள் என்பது நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்வி. நோயியல் நோக்கில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: தண்ணீரில் மலம் கலந்ததை முதலில் அறிவித்தது எந்தப் பரிசோதனைக்கூடமும் அன்று, குழந்தைகளின் குடல். அந்தத் தொட்டியின் நீரை ஒழுங்காகச் சோதித்துவரும் ஏற்பாடு இருந்திருந்தால் குழந்தைகள் அந்தச் சோதனைக்கருவிகளாக ஆகியிருக்க மாட்டார்கள்.

நீருக்கும் சாதிக்கும் உள்ள உறவு நம் போராட்ட வரலாற்றின் முதல் பக்கமே. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் இறங்கி நீர் அருந்தினார். அதன்பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைத் ‘தூய்மைப்படுத்த’ப் பானை பானையாகப் பால், தயிருடன் மாட்டுச் சாணத்தையும் கோமூத்திரத்தையும் கலந்து ஊற்றினர். குடிநீரில் சாணத்தைக் கரைப்பதற்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பெயர் மாசுபாடு. தீட்டு என்ற கருத்தும் தூய்மை என்ற அறிவியலும் எதிரெதிர்த் திசையில் செல்லக்கூடியவை என்பதை அந்தப் பானைகளே காட்டிவிட்டன.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் உடனிருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் நன்கு உறிஞ்சும் என்பதே அதன் அடிப்படை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்பு கூடிவிடக் கூடாது. அது குழந்தைக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு இத்துடன் துத்தநாக மாத்திரையும் 14 நாள்களுக்குத் தரப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். சிறு குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முதன்மைக் காரணமான ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளே இதில் தவறவிடப்படுகிறார்கள்.

திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு காணும் குழந்தைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற நுண்ணிய மடிப்புகள் தேய்ந்து தட்டையாகி, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. வெளியே நோய் ஏதும் தெரியாது. குழந்தை மட்டும் வளராது. சத்துணவு தந்தும் எடை ஏறவில்லை என்று தாயைக் குறைகூறும் அங்கன்வாடிப் பதிவேடுகளை நாம் படித்திருக்கிறோம். அவ்வீட்டின் தண்ணீரைப் பற்றி அப்பதிவேட்டில் ஒரு வரியும் இருப்பதில்லை.

கொக்கிப்புழுவும் செருப்பும்

கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிடக் கால் வழியாகவே மிகுதியும் வருகிறது. திறந்தவெளியில் கழிக்கப்பட்ட மலத்திலுள்ள முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து, இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. இரத்தத்தின் வழியாக நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கே ஒவ்வொரு புழுவும் துளித்துளியாக இரத்தத்தை உறிஞ்சுகிறது. சில நூறு புழுக்கள் சேர்ந்தால், ஏற்கெனவே குறைவாக உண்ணும் பெண்ணைக் கடும் இரத்தசோகைக்குத் தள்ள அவை போதும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. சத்துக் குறைவு இதற்கு முதன்மைக் காரணம். புழு அதற்குத் துணை.

மருத்துவ நூல்கள் இந்நோய்க்குக் கூறும் தடுப்பு முறை இரண்டே சொற்கள்: கழிவறை, காலணி. ஊர்த்தெருவில் தலித்துகள் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவியது; இன்றும் சில இடங்களிலிருந்து அத்தகைய செய்திகள் வருகின்றன. அந்தத் தெரு ஒன்றில்தான் புழு தொற்றியது என்று நாம் கூறவில்லை. தெருவில் கழற்ற வேண்டிய செருப்பை வயலுக்கு மட்டும் யார் வாங்கி அணிவார்? காலணியை வாழ்க்கைப் பழக்கமாக ஆகவிடாமல் தடுத்த ஒரு சமூக விதி, நோயியலில் ஓர் இடர்க்காரணி. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைப் பிரிவு 3(1)(இசட்ஏ)(பி)இன் கீழ்த் தனிக் குற்றமாகவே வைத்துள்ளது. மானத்தைக் காக்க எழுதப்பட்ட பிரிவு அது. குடலையும் காக்கிறது.

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. பள்ளியிலிருந்து இடைநின்றவர்களும் அதைப் பெற உரிமை உடையவர்கள்.

நாடாப்புழு பற்றி ஒரு தவறான கருத்தை நீக்க வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு வரும் என்பது உண்மை. மூளையில் கட்டிகளை உண்டாக்கி வலிப்பைத் தரும் அதன் மறுவடிவமோ இறைச்சியால் வருவதன்று. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் தண்ணீரிலோ காய்கறியிலோ கலந்து வாயை அடைவதால் வருவது. வாழ்நாளில் இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் அது வருகிறது. பன்றி உண்பவர்களைப் பழிக்கும் பேச்சுக்கு இதுவே மருத்துவம் தரும் மறுமொழி.

இரைப்பைப் புண்

‘அல்சர்’ என்று நாம் சொல்லும் இரைப்பைப் புண்ணும் சிறுகுடல் முகப்புப் புண்ணும் காரத்தாலும் கவலையாலும் வருபவை என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை அடையாளம் கண்டனர். எவரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, நெருக்கமான வீடுகளிலும் தூய்மையற்ற நீரிலும் தொற்றுகிறது. தொற்றிய அனைவருக்கும் புண் வருவதில்லை. வந்தவர்களுக்கு இரு வாரங்கள் சரியான மருந்துகள் உட்கொண்டால் குணமாகும். குணப்படுத்தாவிட்டால் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரை செல்லும். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே நீண்டகாலமாக முன்னணியில் உள்ள வகைகளில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. புகையிலையும் அளவுக்கு மீறிய உப்பிட்ட உணவும் அந்த இடரைக் கூட்டுகின்றன.

இரண்டாவது பெருங்காரணம் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியைத் தூண்டும் வேதிப்பொருளைத் தடுக்கும்போதே, இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வேதிப்பொருளையும் தடுத்துவிடுகின்றன. நாற்று நடுபவர், மூட்டை சுமப்பவர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு உடல்வலி ஒருநாள் நோயன்று. அது வேலையின் பகுதி. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தாளில் மடித்துத் தரப்படும் ‘செட்டு மாத்திரை’யில் பெரும்பாலும் இத்தகைய வலி மாத்திரையும் சில வேளை ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் புண்ணின் ஆபத்து பன்மடங்காகிறது. ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கி ஒரு நாள் இரத்த வாந்தி எடுப்பவரிடம், “வேளைக்குச் சாப்பிடுவதில்லையா?” என்று கேட்பது எளிது. விடுப்பெடுத்தால் கூலி இல்லை என்பதே அவருடைய நோய் வரலாற்றின் முதல் வரி.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனால் மேல்குடலில் இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பு இராது.

கல்லீரலும் கணையமும்

கல்லீரல் சுருக்க நோய்க்கு நம் பகுதிகளில் மூன்று முதன்மைக் காரணங்கள்: மது, ஹெப்பாடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், கொழுப்புக் கல்லீரல். மதுவால் முதலில் கொழுப்பு படிகிறது; பின்னர் அழற்சி; இறுதியில் தழும்பு. முதல் நிலையில் நிறுத்தினால் கல்லீரல் முழுமையாக மீளும். கணைய அழற்சிக்கும் மதுவும் பித்தக்கற்களும் முதன்மைக் காரணங்கள்.

இங்கே நாம் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். அரசமைப்பின் 47ஆம் உறுப்பு, மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவதையும் மதுவிலக்கை நோக்கிச் செல்வதையும் ஒரே வாக்கியத்தொடரில் அரசின் கடமையாக வைக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையாளர் அரசே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பலருக்கு முதல் அறிகுறிகள் வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றுப்போக்குமே. இறந்தவர்களில் பெரும்பான்மையோர் உழைக்கும் தலித் மக்கள். ‘குடிகாரர்கள்’ என்று அவர்களைக் கடந்து சென்றவர்களுக்கு நாம் நினைவூட்டுவது: போதைப்பழக்கம் ஒரு நோய், அதற்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சை உண்டு. மலக்குழியில் இறங்குபவர் நாற்றத்தைத் தாங்க வேண்டி மது அருந்திவிட்டு இறங்குவதைக் கள ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன. அவருடைய கல்லீரலின் நோய்க்குப் பொறுப்பு அவரை இறக்கியவரிடமும் உண்டு.

ஹெப்பாடைட்டிஸ் பி தாயிடமிருந்து குழந்தைக்கும், ஊசி, இரத்தம், உடலுறவு வழியாகவும் பரவுகிறது. உணவு, நீர் வழியாகப் பரவாது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் தடுப்பூசி இதைத் தடுக்கும் வலுவான ஆயுதம். கொழுப்புக் கல்லீரல் மது அருந்தாதவர்களுக்கும் வருகிறது. நீரிழிவு, உடற்பருமன், வெள்ளை அரிசியும் சர்க்கரையும் மிகுந்து பருப்பும் காய்கறியும் குறைந்த உணவு ஆகியவை அதன் இடர்க்காரணிகள். பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர்களிடமும் அது காணப்படுவது இந்தியாவில் அரிதன்று. பங்கீட்டு அரிசி பட்டினியை ஒழித்தது பெரிய சாதனை. அதே அட்டையில் பருப்பும் முட்டையும் போதிய அளவு வர வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.

அடக்கி வைத்தல்

மலச்சிக்கல், மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவை உயிரைப் பறிப்பதில்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. நார்ச்சத்துக் குறைவும் நீர் குறைவாகக் குடிப்பதும் இயற்கை அழைப்பை அடக்குவதும் இவற்றின் காரணங்கள். வீட்டில் கழிவறை இல்லாத பெண் இருள் சூழும்வரை காத்திருக்கிறார். கழிவறையில்லாத பணியிடத்தில் இருப்பவர் நீர் குடிப்பதையே தவிர்க்கிறார். மலம் குடலில் தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டு இறுகுகிறது. இரத்தசோகைக்குத் தரப்படும் இரும்பு மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டுவதால், கழிவறை இல்லாத பெண்கள் அம்மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கிராமச் செவிலியரின் கணக்கிலோ மாத்திரை ‘வழங்கப்பட்டது’. அனைத்துப் பள்ளிகளிலும் கழிவறையும் குடிநீரும் ஆறு மாதங்களுக்குள் ஏற்படுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் ஆணையிட்டது. அக்கழிவறையைக் கழுவத் தலித் மாணவர்களை அனுப்பிய செய்திகள் அதன் பின்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உணவின் மீது சுமத்தப்படும் பழி

இறைச்சி உண்பதே வயிற்று நோய்களின் வேர் என்ற பரப்புரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். உண்மையை உள்ளபடி சொல்வோம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய்க் காரணியாகவும், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியை அவ்வாறு இருக்கக்கூடிய பொருளாகவும் வகைப்படுத்தியது. இங்கே பேசப்படுவது நாள்தோறும் மிகுதியாக உண்பது பற்றி. ஞாயிறன்று மட்டும் கால் கிலோ மாட்டிறைச்சியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அது குறைந்த விலைக்குக் கிடைக்கும் தரமான புரதம், இரும்புச்சத்து. ஆட்டிறைச்சியும் அதே வகைப்பாட்டில்தான் உள்ளது. அதை உண்பவர்களை எவரும் பழிப்பதில்லை.

புரதக் குறைவு நேரடியாகவே ஒரு செரிமான நோய்க்கு வழிவகுக்கிறது. காசநோய் நுரையீரலோடு நிற்பதன்று. சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் தங்கி, நாள்பட்ட வயிற்றுவலி, எடை இழப்பு, குடலடைப்பு என்று வெளிப்படுகிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு வழங்கி நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அங்கே தடுப்பு மருந்தாகப் பயன்பட்டவை அரிசியும் பருப்பும்.

தொழில்சார் நோய்

மலக்குழி மரணம் என்றால் நச்சுவாயு நம் நினைவுக்கு வருகிறது. 2014இல் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் 10 இலட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. உடனே இறக்காமல், ஆண்டுக்கணக்கில் எலிக்காய்ச்சல், காமாலை, குடற்புழு, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் தேய்ந்து போகும் பணியாளர்களின் கணக்கு எங்கும் இல்லை. அவர்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், மூன்றாம் அட்டவணையின் ‘ஏ’ பகுதியில், தொற்றுக்குத் தனி வாய்ப்புள்ள பணிகளில் வரும் தொற்று நோய்களையும் ஒட்டுண்ணி நோய்களையும் தொழில்சார் நோய்களாக ஏற்றது. அப்பகுதிக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் கூடத் தேவையில்லை. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்சார் நோய்ப் பட்டியல் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருப்பதால், பணிச்சான்றும் நோய்ச்சான்றும் ஒன்றாகக் கிடைப்பதே இவ்வழக்குகளில் கடினம். வருகைப் பதிவேட்டின் ஒளிப்படம் ஒன்றைப் பணியாளரின் கைப்பேசியிலேயே மாதந்தோறும் சேமித்து வைக்கச் சொல்வது நம் வழக்கம்.

பரவல் கண்டால் செய்ய வேண்டியவை

ஒரு குடியிருப்பில் ஒரே வாரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கோ காமாலையோ கண்டால், அது தனித்தனி மனிதரின் உணவுப் பழக்கமன்று. இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர் வரையறைப்படி 100 மில்லி நீரில் ஈ-கோலை கிருமி ஒன்றும் இருக்கக் கூடாது. குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டியடியில் குளோரின் சரியாக இருந்து கடைசிக் குழாயில் இல்லாமல் போவது நடக்கக்கூடியதே. ஆகவே மாதிரி கடைசி வீட்டின் குழாயிலிருந்து எடுக்கப்பட வேண்டும். எடுக்கும்போது குடியிருப்பைச் சேர்ந்த இருவர் உடனிருந்து இடம், நாள், நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். குளோரின் கொட்டப்பட்ட பின் எடுக்கப்படும் மாதிரி எதையும் காட்டாது. முதல் நோயாளி வந்த அன்றே ஒரு சுத்தமான போத்தலில் நீரை எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது பல வழக்குகளின் போக்கை மாற்றக்கூடியது.

டைபாய்டு என்று ஐயுற்றால் ஒரே ஒரு வைடால் சோதனையை நம்ப வேண்டாம். நம் பகுதிகளில் அது தவறாகக் காட்டுவது மிகுதி. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்கும் முன் எடுக்கப்படும் இரத்த வளர்ப்புச் சோதனையே மருத்துவத்திலும் நீதிமன்றத்திலும் நிற்கும். குழந்தை சிறுநீர் கழிக்காமை, கண் குழிதல், மயக்கநிலை, மலத்தில் இரத்தம், காமாலையுடன் மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் எந்த ஆவணத்திற்கும் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நீர்நிலையை மாசுபடுத்துதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எக்ஸ்)இன் கீழ்க் குற்றம். பொதுச் சட்டத்தில் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 277, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 279. யாருடைய கெடுநோக்கும் இல்லாமல், உடைந்த குழாயும் நிறைந்த சாக்கடையும் மட்டுமே காரணம் என்றால், பொதுத்தொல்லையை நீக்கக் கோரிச் செயல்துறை நடுவரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152இன் கீழ் மனு செய்யலாம். அதன் முன்னோடியான குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133இன் கீழ்தான் 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கு வந்தது. சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி சொன்னதை நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்க மறுத்தார். அம்மனுவுடன் இணைக்க வேண்டியவை மூன்று: ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளிப் பதிவேட்டின் நகல், நீர்ப் பரிசோதனை அறிக்கை, தொட்டி கடைசியாகக் கழுவப்பட்ட நாள் எழுதப்பட்டிருக்கும் இடத்தின் ஒளிப்படம். முதல் இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். நோயாளிகளின் பெயர்களை மறைத்துத் தரக் கோரினால் தனியுரிமையைக் காரணம் காட்டி மறுக்க இயலாது. மூன்றாவதற்குத் தொட்டியை மீண்டும் வெள்ளையடிக்கும் முன் சென்றுவிட வேண்டும்.